காலியாக விட்ட மூன்று கட்டங்கள்

அண்ணா,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் கொடுத்த நூறடி அளவு டேப்பில் நேற்று என் உள்பாவாடை காய்ந்தது. மழை விடவில்லை, கொடிக்கயிறு அறுந்துபோச்சு, கைக்குக் கிடைத்தது அதுதான். ஹாலந்து எஃகு, துருப்பிடிக்காதுன்னு நீங்கள்தானே பெருமையடித்தீர்கள்? பிடிக்கவில்லை.

டேப்பைக் கொடியாகக் கட்டும்போது நுனியிலிருந்த ஈயக்குண்டு கையில் பட்டது. பாசியும் இரும்பும் கலந்த கிணற்று வாடை இன்னும் அதில் இருக்கிறது. அப்போதிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடக்கிறேன். நீங்கள் உங்கள் ஊரில் காலமாகிவிட்டீர்கள் என்று, உங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த மெட்ராஸ் காலேஜ் சார் எழுதிய கடிதம் பத்து நாளாக மாடத்தில் கிடக்கிறது. பதில் அவருக்குத்தான் எழுதணும். கை உங்களுக்கு எழுதுகிறது. மூணாங்கிளாஸ் கையெழுத்து உங்களுக்குப் பழக்கம்தானே.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், வேங்கிக்கால் தாண்டி எங்கள் நிலத்துக்கு சைக்கிளில் வந்தீர்கள். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்திருக்கிற வெள்ளைக்காரர் என்றால் மலையடி ஆசிரமத்துக்குச் சாமியைத் தேடி வந்தவர் என்று நினைப்போம். நீங்கள் என் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தீர்கள். "தியானம் பண்ணணும்னா மலை அந்தப் பக்கம்ணா" என்றேன்.

மெட்ராஸ் சார்தான் விளக்கினார். பம்புசெட் ஜாஸ்தியாகி வருஷா வருஷம் தண்ணீர் கீழே போகுது. ரெண்டு தேசத்துக் காலேஜும் சேர்ந்து, அது எங்கே போகுது, எங்கே மிச்சம் இருக்குன்னு பார்க்கப் போகுது. பதினோரு கிணறு. வெள்ளிக்கிழமை காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், மேலேயிருந்து எத்தனை அடியில் தண்ணீர் என்று அவரவர் கிணற்றை அவரவர் அளந்து நோட்டுக் கட்டத்தில் எழுதணும். உங்கள் ஊர் கடலைவிடத் தாழ்வு, தண்ணீரை வெளியே இறைப்பதே பிழைப்பு என்றீர்கள். "அத்த ஒரு பைப்பு போட்டு இந்தப் பக்கம் வுடக்கூடாதா? ரெண்டு பேருக்கும் தொல்லை வுட்டுச்சு." நீங்கள் நிஜமாகவே யோசித்தீர்கள். "உப்பு, அக்கா."

நரைத்த தலை, என்னை அக்கா என்றது. "எனக்கு முப்பத்தஞ்சுகூட ஆவல, நான் உங்களுக்கு அக்காவா?" "மரியாதை" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மறுகோடையில் தங்கச்சி பிரசவத்துக்கு வீட்டுக்காரரோடு ஆரணி போனேன். மூணு வாரம். திரும்பி வந்த அன்றைக்கே, கிணற்றை எட்டிப் பார்ப்பதற்குள், நோட்டு வாங்க மெட்ராஸ் சார் ஜீப் வாசலில் வந்து நின்றது. மூணு கட்டம் காலி. படிக்காதவளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைப்பாரே! கோடைதானே, வாரம் ஒரு அடி இறங்கும் என்று முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, முப்பத்திமூணு எழுதினேன். நம்பணும்னு ரெண்டு பேனா மாற்றினேன்.

அந்த மூணு வாரமும் இங்கே கொட்டோ கொட்டென்று மழை பெய்திருக்கிறது. ஆரணியில் ஒரு சொட்டு இல்லை. அடுத்த வெள்ளி அளந்தால் இருபத்தஞ்சு. அதை மட்டும் உள்ளபடி எழுதி நோட்டை மூடினேன்.

ஒரு மாதத்தில் நீங்கள் பெரிய தாளோடு வந்து பம்புசெட் ரூமில் விரித்தீர்கள். பத்துக் கோடு மேலே ஏறுது. என்னுது மட்டும் கீழே. "அக்கா, உங்க கிணறு அதிசயம்!" என் வீட்டுக்காரர் அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோனார். மழை பெய்தால் இறங்கி, நின்றால் ஏறுகிற கிணறு! பாறைக்கடியில் ஒரு வெடிப்பு இருக்கணும், தண்ணீர் அது வழியாகப் போய் வருதுன்னு நீங்களும் சாரும் முடிவு கட்டினீர்கள். காலனிக்குக் குடிதண்ணீர் போர் போட திங்கட்கிழமை சர்க்கார் மிஷின் வருவதாக இருந்தது. ஏரிக்கரையில் குறித்த இடத்தை மாற்றி, என் நிலத்துப் பனைமரத்தடியில் முளை அடித்தீர்கள்.

அன்றைக்குக் களையெடுக்க வந்த காலனி முனியம்மா சொன்னாள்: "இனிமே எம் பொண்ணு ஒரு மைல் கொடம் தூக்க வாணாம்க்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து உங்கள் ரூமுக்கு வந்தேன். நீங்கள் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். "அந்த மூணு வாரம் நான் ஊர்லயே இல்லண்ணா. மனசுல தோணினத எழுதிட்டேன்."

திட்டுவீர்கள் என்று நின்றேன். பென்சிலால் மூணு எண்ணையும் அடித்தீர்கள். "காலி கட்டம் பரவாயில்லை, அக்கா. அது என்னைத் தேட வைக்கும். இது என்னை நிறுத்திடும்."

மறுநாள் மிஷின், ஆபிசர், மெட்ராஸ் சார், குடத்தோடு காலனியே நிற்குது. "நான் தப்பா படிச்சேன். ஏரிக்கரையிலேயே போடுங்க" என்றீர்கள். ஆபிசர், "ஹாலந்துல இருந்து பறந்து வந்தும் எண்ணு தெரியலியா சார்?" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன் அண்ணா. எல்லோரையும்விடச் சத்தமாக. நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டீர்கள்.

மத்தியானத்துக்குள் ஏரிக்கரையில் தண்ணீர் பீச்சியது. பனைமரத்தடியில் பிறகொருத்தர் போர் போட்டுப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகப் பாறை மாவுதான் வந்தது.

அப்புறம் ரெண்டு தேசத்துப் பேரும் போட்டு உங்கள் புத்தகம் வந்தது. அதைப் பார்த்துத்தான் இப்போது போர் போட இடம் சொல்கிறார்களாம். பதினோரு கோட்டில் என்னுது மட்டும் நடுவில் அறுந்திருக்கிறது. "இதுதான் என் தங்கச்சி பையன் பொறந்தது" என்று எல்லோருக்கும் காட்டுவேன். மிச்சத்தைச் சொன்னதில்லை.

கடிதம் வந்த பிறகு பொறுக்கவில்லை. ஏரிக்கரைப் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த முனியம்மாவிடம் போய், "அன்னிக்குத் தப்பு பண்ணது அவர் இல்ல, நானு" என்றேன்.

"தெரியும்க்கா. மழையில உங்க கெணறு ஏறுனத நாங்க பாக்கலியா? நீங்கதான் ஆரணியில இருந்தீங்க."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"எங்கள யாருக்கா கேட்டாங்க?" குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களிடம் சொல்லவேண்டியது இதுதான். நோட்டு வாங்க இப்போது யாரும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை அளப்பதை நான் விடவில்லை. போன வெள்ளியிலிருந்து முனியம்மாவையும் பக்கத்தில் நிற்கவைத்து, ஏறிச்சா இறங்குச்சான்னு கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்றும் வெள்ளி. பாவாடையை எடுத்துவிட்டு டேப்பை இறக்கினேன். குண்டு தண்ணீரைத் தொட்டது. எண் பார்க்கக் குனிந்தபோது மூக்குக்கண்ணாடி கிணற்றில் விழுந்தது; இந்தக் கடைசி வரிகள் கோணுவது அதனால்தான். முனியம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. கட்டத்தைக் காலியாக விட்டேன்.