உரிமையாளர்: மதன்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
நவம்பர் 16

அன்புள்ள வான்மதிக்கு,

எழிலரசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மதனும் நலம். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் போடுகிறாளே, பைத்தியமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். என் வாட்ஸ்அப் மதனின் லேப்டாப்பிலும் திறந்திருக்கிறது. ஃபோனில் பேசினாலோ, சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் "வான்மதி என்ன சொன்னா?" என்று ஆசையாகக் கேட்பார். கேட்டால் எனக்குப் பொய் வராது, உனக்குத்தான் தெரியுமே.

முதலில் முக்கியமானது. கந்தசாமி அண்ணன் நீலம்பூரில் புது யூனிட் போடுகிறார், டெஸ்டிங் முழுவதையும் நான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் என்று போன வாரம் சொன்னாயே, அப்போது மதன் என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் "ஓ, அப்படியா" என்று யாருக்கோ வந்த விருந்து மாதிரி சொல்லி வைத்தேன். எனக்கு அங்கே வர வேண்டும், வான்மதி. ஆறு வருஷம் உன்னோடு அவர் பட்டறையில் பேனல் போர்டுக்கு ஒயரிங் செய்த கை இது. இரண்டரை வருஷமாகச் சப்பாத்தி தேய்க்கிறது. மதனின் விசாவை ஒட்டி வந்தவள் நான், இங்கே வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வரிசை நகர்ந்தால் போகலாம் என்கிறார்கள். அது நகர்வதாகத் தெரியவில்லை. அண்ணன் மாசி முடிவதற்குள் பதில் கேட்டிருக்கிறார் என்றாய். அதற்குள் மதனிடம் சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

போன சனிக்கிழமை வீட்டில் ஒரு கூத்து. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட்டில் கேஸில் எரியும் ஃபர்னஸ் ஒன்று இருக்கும். எத்தனை டிகிரி வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஹாலில் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட். எங்களுடையது வீடு வாங்கும்போதே கிழடு. மதன் ஃபோனிலிருந்தே இயக்கக்கூடிய புது டிஜிட்டல் ஒன்றை வாங்கி வந்தார். யூட்யூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பழையதன் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒயர்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். பின்னே நான் ஒருத்தி எதற்கு வீட்டில் இருக்கிறேன்?

பேஸ்மென்ட் படிக்கு மேலே சிவப்புத் தகடு போட்ட சுவிட்ச் இருக்கிறது. ஃபர்னஸுக்குக் கரன்ட் போகாதபடி அதை அணைத்தேன். பக்கத்து வீட்டு ஹம்சா ஆன்ட்டியிடம் மல்டிமீட்டர் வாங்கி வந்து கரன்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை என்று நாலு ஒயர். புது மிஷினுக்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டும், அதன் திரை எப்போதும் எரிவதற்கு. மதன் "போச்சு, ரிட்டர்ன் பண்ணிடலாம்" என்றார். நான் சுவர் ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். எந்தப் புண்ணியவானோ ஒரு நீல ஒயரைப் பயன்படுத்தாமல் சுருட்டி உள்ளே தள்ளியிருந்தான்! கீழே ஓடி ஃபர்னஸைத் திறந்தால் அங்கேயும் அதே நீலம் சும்மா தொங்குகிறது. இரண்டு முனையையும் சீவி மாட்டினேன். நம் பட்டறைப் பழக்கத்தில் ஒவ்வொரு ஒயருக்கும் டேப் சுற்றி நம்பர் எழுதினேன். மதன் டார்ச் பிடித்தார். சுவிட்சைப் போட்டதும் திரை எரிந்தது, கீழே ஃபர்னஸ் உறுமியது. நான் கத்திய கத்தலில் ஹம்சா ஆன்ட்டி கதவைத் தட்டிவிட்டார்.

அப்புறம் திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. கேஸா, மின்சாரமா, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எத்தனை டிகிரியில் தூங்குவீர்கள். எல்லாவற்றுக்கும் நானே பதில் போட்டேன். கடைசியாக உரிமையாளர் பெயரும் ஈமெயிலும் கேட்டது. மதனுடையதைப் போட்டேன். பேங்க், கேஸ், டாக்டர் என்று இங்கே எந்த ஃபாரமானாலும் முதல் பெயர் அவருடையதுதான். கை தானாகப் போகிறது. மதனுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பொண்டாட்டி இன்ஜினியருடா" என்று நண்பர்களுக்கெல்லாம் ஃபோட்டோ அனுப்பினார். நல்ல மனுஷன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சந்தோஷமான நாளைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

பதிலை ஹம்சா ஆன்ட்டி விலாசத்துக்கு எழுது. பின்பக்கம் குறித்திருக்கிறேன்.

உன் எழில்


பிஸ்கட்டவே
ஜனவரி 9

அன்பு வான்மதிக்கு,

பொங்கலுக்கு முன்னால் இது வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. உன் கடிதம் கிடைத்தது. "அந்தப் புள்ள வந்தா சாவியக் கையில குடுத்துட்டு நான் தோட்டத்துக்குப் போயிருவேன்" என்று கந்தசாமி அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை மட்டும் எட்டுத் தடவை படித்திருப்பேன்.

மதனிடம் இன்னும் சொல்லவில்லை. திட்டாதே. டிசம்பரில் அவர் ஆபீசில் ஆட்குறைப்பு. அவர் வரிசையிலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். தினம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் நான் ஊருக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்ல?

அந்த தெர்மோஸ்டாட் கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சின்னக் கண் உண்டு. ஆள் நடமாட்டம் தெரிந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றால் யாரும் இல்லை என்று தானே முடிவு செய்து, சூட்டை அறுபத்திரண்டுக்கு இறக்கிவிடும். நம் கணக்கில் பதினேழு டிகிரி. கால் விறைத்துப் போகும். நடமாட்டம் முழுவதும் உரிமையாளரின் ஃபோனுக்குப் போகும்.

ஆரம்பத்தில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எனக்குச் சளி பிடித்தபோது ஆபீசிலிருந்தே சூட்டை ஏற்றிவிட்டு "இப்ப ஓகேவா?" என்று மெசேஜ் போட்டார். உருகிப் போனேன். அடுத்த வாரம் நானாக எழுபத்தொன்று, நம் இருபத்திரண்டு, வைத்தேன். உடனே ஃபோன். "ஒரு ஆளுக்கு எதுக்கு எழில் செவன்ட்டி ஒன்? ஸ்வெட்டர் போட்டுக்கோயேன்" என்றார். மூன்றாவது தடவை நாலு எண் போட்டுப் பூட்டிவிட்டார். "நீ மாத்திட்டு மறந்துடற, அதான்" என்றார். கோபமே இல்லை, குழந்தையிடம் சொல்வது போல. என் ஃபோனிலும் அதன் ஆப்பை ஏற்றலாம் என்று பார்த்தால், உரிமையாளர் அழைத்தால்தான் சேர முடியுமாம். இரண்டு முறை கேட்டேன். "ரெண்டு பேர் கன்ட்ரோல் பண்ணா கன்ஃப்யூஸ் ஆயிடும்பா" என்றார். யார் போட்டது அந்தப் பெயரை? நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை.

அதைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்து, என் பெயரில் திரும்ப வைக்கப் பத்து நிமிஷம் போதும். எனக்குத் தெரியாத வேலையா? சாயங்காலம் அவர் வந்து ஏன் என்று கேட்பாரே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

நீ கடிதத்தோடு அனுப்பிய புது யூனிட் மெயின் பேனல் டயக்ராமைப் பகலில் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஃபர்னஸும் வெந்நீர் டேங்கும் அங்கே இருப்பதால் கொஞ்சம் கதகதப்பு. விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் திருத்தி வரைந்து வைத்திருக்கிறேன். இதோடு இரண்டு இருக்கிறது, அண்ணனிடம் காட்டு. எர்த் லிங்க்கை இடம் மாற்றச் சொல். இந்த வீட்டில் நான் நானாக இருப்பது அந்த நாலு மணி நேரம்தான். ஆனால் மேலே இருக்கிற கண்ணுக்கு நான் தெரிவதில்லை. போன வாரம் மதன் சாப்பிட்டுக்கொண்டே, "லெவன்லேர்ந்து த்ரீ வரைக்கும் வீட்ல யாரும் இல்லன்னு காட்டுது, எங்க போயிருந்த?" என்று சிரித்தபடி கேட்டார். மாடியில் தூங்கினேன் என்றேன். எனக்குப் பொய் வராது என்று எழுதினேன் அல்லவா, வருகிறது.

இப்போது மணிக்கு ஒரு தரம் மேலே வந்து அதன் முன்னால் கையை ஆட்டிவிட்டுப் போகிறேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மாதிரி. நேற்று அப்படி ஆட்டும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "மாப்பிள்ள குடிக்கறதில்ல, அடிக்கறதில்ல, வேறென்ன சாமி வேணும் உனக்கு?" என்றார். நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று யோசிக்கிறேன்.

உன் எழில்


பிஸ்கட்டவே
பிப்ரவரி 19

அன்புள்ள வான்மதிக்கு,

ஹம்சா ஆன்ட்டி தன் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாளை கோயம்புத்தூர் கிளம்புகிறார். இதை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பு. ஒன்றும் கேட்க மாட்டார், எல்லாம் தெரிந்தவர்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் மதன் கிளம்பியதும் கீழே போய்விட்டேன். டயக்ராமில் ஒரு ரிலே சரியாக வரவில்லை. அதிலேயே மூழ்கி, மேலே போய்க் கையாட்ட மறந்துவிட்டேன். ஃபோன் மேலே சமையலறையில் சார்ஜில் இருந்தது. பன்னிரண்டு மணி இருக்கும், வாசல் கதவு படாரென்று திறக்கிற சத்தம். "எழில், எழில்" என்று ஒரு அலறல். நான் பதறி எழுவதற்குள் மதன் படியில் பாதி உருண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து வீட்டில் நடமாட்டமே இல்லை என்று காட்டியதாம். பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறார். நான் விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடி வந்திருக்கிறார். ஆட்குறைப்புக்குப் பயந்து சாகிற மனுஷன், வான்மதி. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

அழுது முடித்த பிறகு என் தாள்களைப் பார்த்தார். முப்பதுக்கு மேல் இருக்கும். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று வாயைத் திறந்தேன். அவர் ஒரு தாளை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, "சூப்பரா வரைஞ்சிருக்க. நல்லா டைம்பாஸ் ஆகுதுல்ல?" என்று என் தலையைத் தடவினார். நான் தாள்களைச் சேர்த்து அடுக்கத் தொடங்கினேன்.

மறுநாள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். தெர்மோஸ்டாட்டோடு சேர்கிற சென்சார்கள், மூன்று. மாடிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, பேஸ்மென்ட்டுக்கு ஒன்று. "இனிமே நீ எங்க இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும், நான் பயப்பட வேண்டாம். கீழயும் சூடா வெச்சுக்கலாம்" என்றார். அவ்வளவு ஆசையாகச் சொன்னார். "நீதான் கரெக்டா மாட்டுவ" என்று ஸ்க்ரூ டிரைவரையும் என் கையில் கொடுத்தார். மாடியில் மாட்டினேன். சமையலறையில் மாட்டினேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கீழே போய் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவளுக்குக் கை எழவில்லை. பேட்டரி சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை புது பேட்டரி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் அடிப்பார், கத்துவார் என்றெல்லாம் இல்லை. அடித்திருந்தால் என்றைக்கோ கிளம்பியிருப்பேன். அப்பாவே வந்து கூட்டிப் போயிருப்பார். நான் போகிறேன் என்றால் அவர் முகம் வாடிப்போகும். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பார். எதைச் சொல்வேன்? சூடு பற்றவில்லை என்றா? சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொன்றும் என் நன்மைக்காகச் செய்தது, அதுதான் மூச்சு முட்டுகிறது. என் பாஸ்போர்ட் பேங்க் லாக்கரில் இருக்கிறது. எடுத்துத் தரச் சொன்னதற்கு, "பத்திரமாத்தானே இருக்கு, இப்ப எதுக்கு?" என்றார். சும்மாதான் என்றேன். அதை வாங்கவும் முதலில் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

மாசி பிறந்துவிட்டது. கந்தசாமி அண்ணன் இன்னும் காத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். இதற்குமேல் அவரைக் காக்க வைப்பது தர்மம் இல்லை. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன்.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிறு. உனக்குச் சாயங்காலம் ஏழு மணி, எங்களுக்குக் காலை. மதன் காபி குடித்தபடி என் பக்கத்தில் இருப்பார். கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல்வார், போடுவேன். மழை பெய்ததா, குழம்பு என்ன என்று ஆரம்பிக்காதே. "எழிலு, அண்ணன் கேக்கறாரு, வேலைக்கு வர்றியா இல்லியா?" என்று நேராகக் கேள். நானாகத் தொடங்க மூன்று மாதமாக முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை. அவர் காதுபட யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடுவேன். என்ன பதில் என்று உனக்கும் தெரியும்.

நீயும் உன் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் வார்த்தையை நம்பித்தான் இந்தப் பத்து நாளையும் தள்ளப் போகிறேன். கேட்டதும் நான் உடனே பேச மாட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, வான்மதி. நான் அங்கேதான் இருப்பேன்.

உன் எழிலரசி