நான் சாத்திய கேட்

கேத்கார்ட்,
4 ஆகஸ்ட் 2019

அன்புள்ள டோலோ,

நான் நலம். நீங்கள் நலமாக இல்லாவிட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் எழுதப்போகிறீர்கள், அதனால் கேட்கவில்லை.

போனில் பேசினால் சண்டை வருகிறது, ஆறு மாதத்துக்குக் கடிதம்தான் என்று ஏப்ரலில் முடிவு செய்தபோது பக்கம் பக்கமாக எழுதுவேன் என்று நினைத்தேன். உட்கார முடிந்தால்தானே எழுத! நூலகத்தில் வாரம் முழுக்க நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை விடிந்ததும் கால் நிற்பதில்லை. பஸோதினியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அக்கம்பக்கத்தாருக்குக் கேட்கட்டும் என்று நாய்க்கு "என்ன சொல்வாங்களோ" என்று பெயர் வைத்தவர் நீங்கள். இங்கே மலையில் நின்று கூப்பிட்டால் கேட்க ஆளே இல்லை.

வனக் காப்பகத்துக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது. அதனால் யாரும் நடக்காத வழிகளாகத் தேடுகிறேன். போன மாதம், எப்போதோ கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதை. சுரங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்த நாய், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பைன் தோட்டத்தில் தீ பரவாமலிருக்க வெட்டிவிட்ட வெற்றுப் பட்டை, மூன்று மைல் நேர்கோடு. நேற்று திருமதி ஹோபார்ட்டின் ஆட்டுப் பண்ணை. வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுத வேண்டும், நாய் கயிற்றில் இருக்க வேண்டும், உச்சி வரை ஏழு கேட்டுகள். ஒவ்வொன்றிலும் தகரப் பலகை: "எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடுங்கள்."

அங்கே ஆடு மேய்க்கும் ஜொங்கி அண்ணன் நாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு ஆடுன்னா என்னன்னு தெரியுமா?"

"டவுன் நாய் அண்ணே. கசாப்புக் கடையிலதான் பாத்திருக்கும்."

"அப்ப சாப்பாடுன்னுல்ல நெனைக்கும்! கயித்தக் குட்டையாப் பிடி."

இந்த வழிகளையெல்லாம் எழுதி நூலகப் பலகையில் ஒட்டுகிறேன். நாய் வைத்திருப்பவர்கள் நின்று படிக்கிறார்கள்.

அக்டோபரில் நீங்கள் வரும்போது பதில் சொல்ல வேண்டும், திரும்பி வருவேனா மாட்டேனா என்று. நடக்கும்போது வருவேன் என்று தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அது போய்விடுகிறது.

உங்கள்
சுகிஸ்வா


ம்தன்ட்சானே,
9 ஆகஸ்ட் 2019

மபேலே,

நீ என்னை டோலோ என்று என் குலப் பெயரால் கூப்பிடுவதுபோல் உன் அப்பாவின் குலப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், கோபத்தில் பாதியாவது குறையட்டும். டாக்சிக்காரர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. "உங்க வீட்டம்மா தபால்காரருக்குக் குடுக்கற காச எனக்குக் குடுக்கறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் நல்லாத்தான் இருக்கேன். (எழுதிவிட்டேன், போதுமா?) சோளமும் பீன்ஸும் நானே வேகவைக்கிறேன். பீன்ஸ் வேகுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. நாய் படுத்த இடத்தில் இன்னும் முடி கிடக்கிறது, கூட்டவில்லை.

அம்மா அன்று சொந்தக்காரர்கள் முன்னால் உனக்குப் பிள்ளையில்லாததைச் சொன்னபோது, "விடு, ஆறிடும்" என்றேன். நீ பெட்டியை எடுத்துவிட்டாய். நான் கெட்டவனில்லை சுகிஸ்வா. பத்தொன்பது வருஷம் வீட்டில் ஒரு தட்டு உடைந்ததில்லை. அதை நான் நல்லது என்று நினைத்திருந்தேன்.

மலையில் தனியாகப் போகாதே. போனால் பிஸ்கட் எடுத்துக்கொண்டு போ.

உன்
மொன்வாபிசி


கேத்கார்ட்,
16 ஆகஸ்ட் 2019

அன்புள்ள டோலோ,

இதை வேறு யாருக்கும் எழுத முடியாது.

போன சனிக்கிழமை மறுபடி ஹோபார்ட் பண்ணைக்குப் போனேன். ஆறாவது கேட் திறந்திருந்தது. அந்தப் பக்கம் மேட்டில் குட்டி போட்ட ஆடுகள். நாய் முனகிக்கொண்டு இழுத்தது. ஆடுகள் பாதைக்கு இறங்கி வந்துவிட்டால் என்னால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. யாரோ கவனமில்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று கேட்டைச் சாத்தித் தாழ் போட்டேன். முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் தள்ள வேண்டியிருந்தது. தள்ளும்போதாவது யோசித்திருக்க வேண்டும். நல்ல காரியம் செய்தோம் என்று விசிலடித்துக்கொண்டே இறங்கினேன்.

திறந்து வைத்தது ஜொங்கி அண்ணன். தன் அண்ணன் மகனின் சாவுக்கு வெள்ளிக்கிழமை லுசிகிசிகிக்குப் போகும்போது, ஆடுகள் கீழே இருக்கும் தொட்டிக்கு வந்து தண்ணீர் குடிக்கட்டும் என்று. இந்த வறட்சியில் மேட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் திருமதி ஹோபார்ட்டும் மேலே போய்ப் பார்க்கவில்லை. மூன்று நாள் அனல்காற்று. ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டிய ஜொங்கி அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது பதினொரு தாய் ஆடுகள் செத்துக் கிடந்தன. பல குட்டிகளும்.

நேற்று திருமதி ஹோபார்ட் நூலகத்துக்கு வந்தாள்.

"தொறந்துதான் வெச்சேன்னு சத்தியம் பண்றான். அப்ப கல்லு தானா நடந்து போச்சான்னு கேட்டேன்."

"வேற யாராவது…" என்றேன்.

"நோட்டுல ஒங்க பேரும் சைக்கிள்காரங்க நாலு பேரும் இருக்கு. அவங்க அஞ்சாவது கேட்டோட திரும்பிட்டாங்களாம். நீங்கதான் பலகையப் படிச்சு நடக்கற ஒரே ஆளு."

ஜொங்கி அண்ணனை மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாளாம். பண்ணை வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. மனைவி, மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூட வண்டி பண்ணை வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை டோலோ. அவள் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் முத்திரை குத்தினேன்.

என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

சுகிஸ்வா


ம்தன்ட்சானே,
20 ஆகஸ்ட் 2019

மபேலே,

நிதானமாகப் படி.

நாயோடு போனாய் என்று சொன்னால் கேட்டைப் பற்றி யார் கேட்பார்கள்? நாய் துரத்தியது என்பார்கள். ஆட்டைத் துரத்திய நாயைச் சுட அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. உன் வேலையும் தற்காலிகம். சின்ன ஊர், ஒரே நூலகம், ஒரே நாளில் பேச்சு பரவிவிடும்.

ஜொங்கிக்குத் தொழில் தெரியும். வேறு பண்ணை கிடைக்கும். இரண்டு நாளில் திரும்ப வேண்டியவர் நாலு நாள் கழித்து வந்தார், அதில் உன் தப்பு என்ன? நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

விடு, ஆறிடும். நாயைக் கூட்டிக்கொண்டு இப்போதே வந்துவிடு. அக்டோபர் வரை எதற்கு? டாக்சிக்காரரிடம் முன் சீட்டு சொல்லி வைக்கிறேன். நாய்க்கும் சேர்த்து.

உன்
மொன்வாபிசி


கேத்கார்ட்,
8 செப்டம்பர் 2019

அன்புள்ள டோலோ,

முன் சீட்டைக் காலியாக அனுப்பியதற்கு மன்னியுங்கள். டாக்சிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு பதினைந்து நாள் இருந்தேன். தூக்கம் வராதபோதெல்லாம் எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதியது எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் எங்கேயும் போகவில்லை. நாய் கதவைப் பிறாண்டியது. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நேற்று முன்தினம் பண்ணைக்குப் போய்ச் சொன்னேன். நாயையும் கூட்டிக்கொண்டு போனேன், மறைக்க எதுவும் இருக்கக் கூடாது என்று. திருமதி ஹோபார்ட் கத்தவில்லை. வாசலில் இருந்த நோட்டைக் கொண்டுவந்து என் பெயரை அடித்தாள். "நாயோட இனி இந்தப் பக்கம் வராதீங்க. நாய் இல்லாமயும்." நாயை ஒன்றும் செய்யவில்லை.

ஜொங்கி அண்ணனைத் திரும்ப எடுங்கள் என்றேன். வீட்டைக் காட்டினாள். கொடியில் வேறு யாரோ ஒரு குழந்தையின் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றாம் தேதியே புது ஆள் வந்துவிட்டானாம். "அவனையும் நடுத்தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?" தப்பு ஜொங்கியுடையது அல்ல என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜொங்கி அண்ணன் இங்கே டவுனுக்கு வெளியே கொழுந்தியா வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார். தாளை இரண்டு தரம் படித்தார்.

"நீதானா?"

"ஆமா அண்ணே."

"எப்ப தெரியும்?"

"அந்த வாரமே."

கொஞ்ச நேரம் தாளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டச் சாத்துனது தெரியாம. அது டவுன்காரங்க பண்றதுதான். மாசக் கடைசி வரைக்கும் பேசாம இருந்தியே, அது தெரிஞ்சுதான தங்கச்சி?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "அந்தம்மாவுக்கு டீ குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். போகட்டும்."

தாள் அவருக்கு உதவும். வேறு பண்ணை தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு பண்ணைக்காரரிடமும் கேட்கிறேன். கேட்கும்போது ஏன் என்பதையும் சொல்கிறேன். ஊர் பேசுகிறது, பேசட்டும்.

இதை உங்கள் மேல் போடப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏப்ரலில் உங்கள் மௌனத்தைத்தான் விட்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன். என் சாமானோடு அதுவும் வந்திருக்கிறது. அன்று கடிதம் எழுத உட்கார்ந்தபோது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு வரிக்கு வரி தெரியும். அதைச் சொல்லும் ஒரே ஆள் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதினேன். திருமதி ஹோபார்ட்டின் வீடு என் நூலகத்திலிருந்து பதினைந்து நிமிஷம். நான் நூறு கிலோமீட்டர் தாண்டிக் கடிதம் அனுப்பினேன்.

நீங்கள் அன்பாகத்தான் சொன்னீர்கள். பத்தொன்பது வருஷமும் அன்பாகத்தான் சொன்னீர்கள். உங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்கு வேண்டிய பதில் எப்போதும் கிடைக்கும் டோலோ. எனக்கு அதுதான் பயம்.

அக்டோபரில் வராதீர்கள். நான் திரும்பி வரப்போவதில்லை என்று அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். ஆறட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே.

சுகிஸ்வா