சிக்னல் எட்டும் தூரம்

ஆவணி, வியாழன் இரவு.

எழுத வேண்டியவை:
1. புதிய போன் கம்பனி வந்ததால் பழையவர்களும் கட்டணத்தைக் குறைக்கக்கூடும்.
2. அதன் சிக்னல் கடலில் அதிக தூரம் எட்டுவதால் மகளுக்கு நிம்மதி.
3. இந்தச் சிறப்பு எத்தனை மாதம் நிலைக்கும் என்ற சந்தேகம்.

மருமகன் யோகன், சிக்னல் விட்டுப்போகும் இடத்தைத் தாண்டி இதுவரை மீன்பிடிக்கப் போனதில்லை. திரும்பத் தொடங்கும்போது வீட்டுக்கு ஒருமுறை மணி அடித்துத் துண்டிப்பார். அதன் பிறகுதான் மகள் வசந்தி உலை வைப்பாள். சில நாட்களில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் மணி வராது. அவள் அடுப்பு மூட்டாமல் குசினி வாசலிலேயே நிற்பாள். அதனால்தான் துறைமுகத்தடியில் பலரிடமும் விசாரித்து, புதிய கம்பனியின் சிம் ஒன்றை இன்று வாங்கிக் கொடுத்தேன்.

யோகனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "மாமா, நீங்கள் கெட்டிக்காரன். இனி ஆழத்துக்கே போகலாம்."

"ஆழத்துக்கோ? இவ்வளவு நாளும் சிக்னல் முடியிற இடத்தோட திரும்பினனீங்கள்தானே?" என்றாள் வசந்தி.

"இப்பதான் அங்கயும் இருக்கே. பிறகென்ன பயம்?"

"ஓம், எஞ்சின் நிண்டா சிம்மை வச்சுத் துடுப்பு வலியுங்கோ."

அவர் சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்களாவது வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

நான் யோகனைப் பார்த்து, "கவனமாப் போங்கோ" என்று மட்டும் சொன்னேன். பொழுதுபட முன்னரே அவர் படகெடுத்துப் போய்விட்டார்.

வசந்தி இப்போதே குசினிக் கதிரையில், போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். முதலாவதும் மூன்றாவதும் போகப்போகத் தெரியும். இரண்டாவது பிழை.