எமர்ஜென்சி இல்லையாம், அக்கா

என்னை இன்னமும் ‘டேய்’ என்று கூப்பிடும் உரிமையுள்ள ஒரே ஆளான என் ரோஸி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்தபோதுகூட ஒன்றும் பேசாமல்தான் நின்றேன். இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. நீ பதறக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஜெனி நன்றாக இருக்கிறாள். இல்லை, நன்றாக என்பது பெரிய வார்த்தை. இருக்கிறாள்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தலை வாரவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அத்தான் முதலில் வயசுக் கோளாறு என்றார். அப்புறம் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினார்கள். அவள் வந்து மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதும் அத்தான் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசுப்பா. மனசு டாக்டர்கிட்ட போறோம்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?”

பதினாறு வயதுப் பிள்ளை, அக்கா. அவள் நாளைக்கு இருப்பாளா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் நாளைக்கு மாப்பிள்ளை வருவானா என்று பயந்துகொண்டிருந்தார்.

தை மாதம், சம்பா அறுவடை. பூதலூர்ப் பக்கம் ஒரு வயலில் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலைப் பனி காய்ந்து அப்போதுதான் வேலை சூடு பிடித்திருந்தது. ஜெனி போன் பண்ணினாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினேன்.

“மாமா, நீங்க வர்றீங்களா? அப்பா வேலைக்குப் போயிட்டாரு. தனியா இருக்க பயமா இருக்கு. என்னை நானே ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயமா இருக்கு மாமா.”

பாதி அறுத்த வயலில் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவளே கேட்டாள் என்பதை நீ கவனிக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் வாய் திறக்க முடியாமல் போய்விடுகிறார்கள். உன் மகள் வாய் திறந்து உதவி கேட்டாள். கேட்டவளை எங்கே கொண்டு போவது?

பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனோம். அது எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. எந்த ஊர்ப் பெயரை எழுதினாலும் கதை இதுதான். மேசையில் இருந்த நர்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“என்ன, காய்ச்சலா?”

“இல்லைங்க. மனசு சரியில்ல. உயிரோட இருக்கவே பிடிக்கலைங்குறா.”

“ஏதாவது பண்ணிக்கிட்டாளா?”

“இல்லைங்க. அதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“அப்ப எமர்ஜென்சி இல்லைங்களே. புறநோயாளி சீட்டு வாங்கிட்டு உட்காருங்க. அந்த டாக்டர் இங்க இல்ல, எழுதித் தர்றோம், டவுனுக்குப் போங்க.”

வண்டியில் ஏறும்போது ஜெனி மெதுவாகக் கேட்டாள். “மாமா, அப்ப நான் ஏதாவது பண்ணியிருந்தா பார்த்திருப்பாங்களா?”

நீயே சொல், அக்கா. நான் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று எல்லோரும் ஓடினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள், டாக்டர் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார். உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் ஓடினார்கள். அதனால் எனக்கு அவர்கள் மேல் இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. ஜெனிக்காக ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

நம் ஊரில் மழையில் நெல் நனைந்தால் ஈரப்பதம் பார்க்க அதிகாரிகள் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கையில் அள்ளிப் பார்க்கிறார்கள், கருவி வைத்து அளக்கிறார்கள். வர வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை உள்ளுக்குள் நனைந்து முளைத்துப் போனால் பார்ப்பதற்கு இந்தக் காவிரிக் கரையில் யார் இருக்கிறார்கள்?

டவுன் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளுக்கான மனநல டாக்டர் வரும் நாள் அன்று இல்லை என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். சீட்டு எழுதியவர் வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், “என்ன, லவ் மேட்டரா? மார்க் குறைஞ்சிடுச்சா?” என்று கேட்டார். ஜெனி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. “அடுத்த வாரம் வரைக்கும் இவ இருக்கணுமே சார்!” என்றது மட்டும் நினைவிருக்கிறது. வாட்ச்மேன் வந்து என் தோளைப் பிடித்தார்.

சத்தம் கேட்டு ஒரு பயிற்சி டாக்டர் வந்தாள். சின்னப் பெண். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே போய் ஜெனி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டியாம்மா?”

ஜெனி தலையாட்டினாள், இல்லை என்று. அந்தப் பெண் டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னாள். நான் வாங்கி வந்தபோது உன் மகள் பேசிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் எங்கள் யாரிடமும் மனம் விட்டுப் பேசாதவள், அழுதுகொண்டே பேசினாள். உன்னைப் பற்றித்தான். நீ போனதிலிருந்து வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை என்றாள்.

“இன்னைக்கு இவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்” என்று அந்தப் பெண் யார் யாரிடமோ போய்ச் சண்டை போட்டு, பெண்கள் வார்டில் ஒரு கட்டில் வாங்கித் தந்தாள். பெரிய டாக்டரைக் கூட்டி வந்து காட்டினாள். மருந்து ஆரம்பித்தார்கள்.

அந்த டாக்டர் பெண்ணை எல்லோரும் கடவுள் அனுப்பிய பிள்ளை என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அன்று அவளுக்கு டூட்டி இல்லாமல் இருந்திருந்தால்? நான் கத்தத் தெரியாத ஆளாக இருந்திருந்தால்? யாரோ ஒருத்தி நல்லவளாக இருந்ததால் பிழைத்தாள் என்பதற்குப் பெயர் வைத்தியமா?

ஜெனி வீட்டுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில், மற்ற பிள்ளைகள் பயப்படுவார்கள், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் இரண்டு நாள் போய் வந்தாள். மற்ற நாள் முடியவில்லை என்றாள், விட்டுவிட்டேன். வீட்டில் இப்போது உன் பெயரைச் சொல்கிறோம். அத்தான்தான் முதலில் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார்.

ஆனால் வெளியே கேட்பவர்களிடம் அவர் வயிற்று வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் ஒரு அம்மா, “வயித்து வலி தேவலையா?” என்று ஜெனியிடம் கேட்டார்.

“வயித்து வலி இல்லைங்க அத்தை. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்தேன். இப்ப மாத்திரை சாப்பிடுறேன்.”

அத்தான் தரையைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அந்த அம்மா ஜெனியைத் தனியே கூப்பிட்டு, “எந்த டாக்டர்ம்மா? எங்க வீட்டுலயும் ஒருத்தன் ரூமை விட்டு வர மாட்டேங்கிறான்” என்றார்.

எத்தனை வீட்டுக் கதவுகள் இப்படிச் சாத்திக் கிடக்கின்றன, அக்கா?

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். எந்த நேரத்தில் போனாலும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்க ஒரு ஆளும் ஒரு அறையும் வேண்டும், நாங்கள் முதலில் போன அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேண்டும் என்று கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். வரும் திங்கள் அந்த அம்மாவும் வருகிறார். அதற்கடுத்த திங்களும் போவோம். அறுவடை இருந்தாலும் போவேன், மழை பெய்தாலும் போவேன், வாட்ச்மேன் தோளைப் பிடித்தாலும் போவேன். அந்த அறையின் கதவு திறக்கிற வரைக்கும் நான் குரலைத் தணிக்கப் போவதில்லை. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தம்பி,
ஜெனியின் தாய்மாமன்