மூடத் தாமதிக்கும் டயோடு

நவம்பர் 11, செவ்வாய். காலை முதல் மழை.

இவருடைய ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. நுரையீரல் கெட்டுப்போன மனிதருக்கு அதுதான் மூச்சு. இப்போதைக்கு வாடகை சிலிண்டர். பக்கத்தில் வைத்துப் படுக்கப் பயம் இவருக்கு, வெடித்துவிடுமாம். மெஷினைத் திறந்து பார்த்தேன். பவர் சப்ளை போர்டில் ஒரு டயோடு கருகிக் கிடக்கிறது. தொழிற்சாலையில் நாள் முழுக்க இதைத்தான் சோதிக்கிறேன். வீட்டுக்கும் வந்துவிட்டது சனியன்.

வாங்க: ஃபாஸ்ட் ரெக்கவரி டயோடு. வோல்ட், ஆம்பியர் பழையதற்குக் குறையக் கூடாது. சட்டென மூட வேண்டும், அதுதான் முக்கியம். பால். மிளகு.

நவ. 12, புதன். வெயில்.

குளுவாங் கடையில் சாதா டயோடுதான். கடை முதலாளி தவுக்கே அதையே எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஜொகூர் பாருவில் சொல்லி வைத்தாயிற்று. அடுத்த வாரம்தான்.

கொழுந்தன் குமாருக்குப் பொறுமை இல்லை. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன்.

"வோல்ட் சேம், ஆம்ஸ் சேம். அப்புறம் என்ன லா அண்ணி?"

"இது வீட்டு கரண்ட் மாதிரி இல்ல தம்பி. நொடிக்குப் பல்லாயிரம் தடவ தொறந்து மூடும். சாதா டயோடு மூட லேட்டாகும், லேட்டானா சூடு. மொதல்ல நல்லாத்தான் ஓடும். அப்புறம் எரிஞ்சிடும்."

தலையாட்டினான், போனைப் பார்த்தபடி. அத்தை வைத்த ரசத்தில் உப்பு தூக்கல். இவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

நவ. 15, சனி. மழையா வெயிலா, தெரியவில்லை.

நேற்று நடந்தது. எழுதினால்தான் நம்புவேன் போல.

வேலை நேரத்தில் எங்கள் போன் லாக்கரில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு எடுத்தேன். காலையிலேயே குமார் அனுப்பிய படம். மெஷின் ஓடுகிறது, இவர் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிறார். கீழே: "அண்ணி, தவுக்கே குடுத்த டயோடுதான். சூப்பரா ஓடுது. அண்ணன் பயப்படுதுன்னு சிலிண்டர திருப்பிக் குடுத்துட்டேன்."

உடனே கூப்பிட்டேன். அத்தைதான் எடுத்தார்கள்.

"மெஷின் நின்னுபோச்சு ஆயி. பெரியவன் பேச மாட்டேங்குறான்."

ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் இவர் போய்விட்டார். இன்று எரித்துவிட்டு வந்தோம்.

நவ. 17, திங்கள். மழை.

பால் தெளித்தாயிற்று. உறவுக்காரர்கள் போனதும் மெஷினைத் திறந்தேன். டயோடைப் பிடித்திருந்த ஈயம் உருகி ஒழுகியிருந்தது. அவ்வளவு சூடு. குமார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை என் பக்கத்தில்.

"அண்ணி, நான் போட்டதாலயா?"

"இல்ல தம்பி. மெஷின் பழசு."

பொய்தான். அத்தைக்கு இனி மகன் என்று அவன் ஒருவன்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.