ஏழாம் எண்காரன்

நவம்பர் 12, புதன் இரவு, ஹொல்ம்லியா

அருங்காட்சியகத்தில் இன்று ஒரு பழைய பிரித்தானிய இராணுவ அதிகாரியின் ஆல்பத்தை ஸ்கேன் செய்தேன். ஒரு படத்தில் மலையுச்சியில் எல்லைக் கோட்டை. அதன் மதிலோரம் பிடிபட்ட பதினொரு மலைவாசிகள், நெஞ்சில் எண் எழுதிய பலகையுடன் நிற்கிறார்கள். ஏழாம் எண்காரனுக்கு இருபது வயதுகூட இராது. அவனை மறுநாள் காலை சுட்டதாகப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

கூட வேலை செய்யும் இங்கிரிட் அந்தப் படத்தையே கண்காட்சிச் சுவரொட்டிக்குப் போடலாம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். ஊரில் போர் முடிந்ததும் முகாமில் என்னையும் அண்ணாவையும் இராணுவத்தினர் இப்படித்தான் நிறுத்திப் படம் எடுத்தார்கள், அன்றே அண்ணாவை ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு அவர் திரும்பவேயில்லை என்று சொல்லிவிட்டேன். வேலையிடத்தில் யாரிடமும் சொல்லாத விஷயம்.

"அந்தப் படமும் எங்காவது இருக்கும். தேடிப் பார்க்கிறேன்" என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஏன் உதெல்லாம் கதைச்சனீர்? உம்மடை அம்மா இன்னும் ஊரிலைதானே இருக்கிறா. ஆமிக்காரர் போய் அவவை விசாரிச்சா?"

"தேட வேண்டாமெண்டு நாளைக்குச் சொல்லுறன்."

"ஓம், மறக்காமல் சொல்லும்."

அவர் தூங்கிய பிறகு இங்கிரிட்டின் செய்தி வந்தது. அண்ணாவின் முழுப் பெயரைக் கேட்டிருந்தாள். இரண்டு முறை எழுதி அழித்தேன். பயமாக இருந்தது. மூன்றாம் முறை எழுதி அனுப்பிவிட்டேன். இனி அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்லுவேன்?