போணி நேரத்து இடது கை

இன்று காலை திருப்பதிக்குக் கிளம்புமுன் பிஸ்டல் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய் வாசனையோடு ஸ்பிரிட் வாசனையும் வந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் தடவுவோமே, அதே ஸ்பிரிட். நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. அந்த வாசனை இன்னும் அங்கே இருக்க நியாயமில்லை. ஆனால் மூக்குக்கு யார் நியாயம் சொல்வது? வார்டிலிருந்து வந்த வேகத்தில், ஸ்பிரிட் காயாத கையோடு கைப்பிடியைப் பிடிப்பாய். அதனால்தான் இடது பக்கத்து மரத்தில் பாலீஷ் போய், உன் உள்ளங்கை அளவுக்கு வெளுத்துக் கிடக்கிறது. "கையத் தொடச்சிட்டுப் புடிடீ" என்று நான் கத்தியதெல்லாம் வீண். இன்றைக்கு அந்த வெளுப்புக்காகத்தான் ஒருவரிடம் வம்பு பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்று மாவட்டத் துப்பாக்கி சுடும் அணிக்கு ஆள் எடுக்கிற நாள். நம் கிளப் செயலாளரை உனக்குத் தெரியும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற மனுஷன். போன வாரமே காகிதத்தில் சுற்றி ஒரு மரக் கைப்பிடி கொண்டுவந்தார். வலது கைக்கென்றே குடைந்தது. கட்டைவிரல் உட்கார மேடை, விரல்களுக்குப் பள்ளம் எல்லாம் இருந்தது. "மேடம், இப்ப நீங்க ஒருத்தர்தானே சுடறீங்க. ரெண்டு ஸ்குரூ கழட்டி இத்த மாட்டிக்கினா டீம்ல உங்க பேர் வந்துடும். காசு வேணாம், சும்மா வெச்சிக்கங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. நான் வேண்டாம் என்றேன். இன்று காலையும் அதே காகிதப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றார்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பது உனக்கு மட்டும்தான் புரியும்.

புத்தூரில் நாம் இருவரும் ஒரே வார்டில் நர்ஸ்கள். நான் பிச்சாட்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், நீ சித்தூரில் தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நீ வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் உன் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "பீச்சாங்கையால ஊசி போட்டா மருந்து ஏறாதும்மா. வேற யாரயாவது வரச் சொல்லு." நீ சிரிஞ்சை வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். அன்று மாற்றியதுதான். அதற்கப்புறம் ஊசி, மாத்திரை, கேஸ் ஷீட்டில் கையெழுத்து எல்லாமே வலது கை. சர்ச்சில் காணிக்கையும் வலது கை. "சோத்தாங்கை வேஷம் கட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். யாரும் பார்க்காத நேரத்தில் இடது கையால் தலை சீவுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் உன் முகமே வேறு மாதிரி இருக்கும்.

பெண்கள் தினத்துக்கென்று திருப்பதியில் அந்தச் சுடும் பயிற்சிக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். நம் ஆஸ்பத்திரியிலிருந்து பத்துப் பேர் போனோம். எட்டுப் பேர் போட்டோ எடுத்துக்கொள்ளப் போனவர்கள். நீ கிளப் பிஸ்டலை இடது கையில் வாங்கினாய். வலது கைக்குக் குடைந்த மரம் உன் விரலைக் கடித்தது. அப்படியும் ஐந்து குண்டில் மூன்றை அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் போட்டாய். திரும்பி என் காதில் சொன்னாய்: "ஏய், இங்க ஒருத்தனும் கையப் பாக்கல டீ. அட்டையத்தான் பாக்கறாங்க." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அங்கேயே முடிவாகிவிட்டது, நமக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்று.

வீட்டில் நடந்தது ஞாபகமிருக்கிறதா? "நாப்பது வயசுல இன்னாத்துக்கு இவங்களுக்குத் துப்பாக்கி? யாரச் சுடப் போறாங்களாம்?" என்றார் என் வீட்டுக்காரர். அது காற்றழுத்தத்தில் சுடுவது, காகித அட்டையில் ஓட்டை போடத்தான் ஆகும் என்று நான் விளக்கப் போனேன். நீ என்னைத் தள்ளிவிட்டு, "பயப்படாதீங்கண்ணா, பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்க" என்றாய்.

இரண்டு பேரும் சீட்டு எடுத்ததைச் சேர்த்தாலும் ஒரு பிஸ்டலுக்குத்தான் வரும். சரி, ஒன்றே வாங்குவோம், உனக்கு ஐந்து குண்டு, எனக்கு ஐந்து குண்டு என்று மாறி மாறிச் சுடுவோம் என்று பேசிக்கொண்டோம். எப்படிப்பட்டது வேண்டும் என்பதில் நீ முதலிலிருந்தே உறுதியாக இருந்தாய். பழைய காலத்து அமைப்பு, இரும்பும் மரமும். "பிளாஸ்டிக் வேணாம்பா. நாள் பூரா சிரிஞ்சத்தான் புடிச்சிக்கினு கீறேன்."

ஒரு சனிக்கிழமை, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அந்த விளையாட்டுச் சாமான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றோம். கடைக்காரர் பெருமாள் படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு வந்தார். நாம்தான் முதல் ஆள். கண்ணாடி மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக், "லேடீஸுக்கு லைட் வெயிட்டும்மா" என்றார். நீ அதைத் தொடக்கூட இல்லை. இன்னொன்று நம் கைக்கு எட்டாத விலை. மூன்றாவது இரும்பு, நடுத்தர விலை, பார்க்கப் பழைய தோரணை. ஆனால் கைப்பிடி மட்டும் புது மாதிரி குடைந்த மரம். அதை எடுக்க நீ கையை நீட்டினாய். இடது கை.

"எடம சேத்தோ வத்தம்மா, போணி!" என்றார் அவர் தெலுங்கில். இடது கையால் வேண்டாம், முதல் வியாபாரம். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தை அடுப்புக்கிட்டே போனால் சொல்கிற மாதிரி சொன்னார்.

உன் இடது கை தானாகக் கீழே போனது, வலது கை மேலே வந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! வலது கையிலேயே தூக்கிப் பார்த்தாய், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாய், விசையில் விரல் எட்டுகிறதா என்று பார்த்தாய். எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் என்ன, அது வலது கைக்குச் செய்ததுதானே! பிறகு என் கையில் கொடுத்தாய். எனக்காகவே அளவெடுத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. அப்போதே எனக்குத் தெரியும், இது உன் கை இல்லை என்று. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. போணி நேரத்தில் தகராறு எதற்கு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. என் கைக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அதையே வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ் ஸ்டாண்டின் லேடீஸ் வெயிட்டிங் ரூமில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகளும் லட்டுப் பைகளுமாகக் கூட்டம். நீ மூலையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, உள்ளே இடது கையை விட்டாய். பிஸ்டலை வெளியே எடுக்கவே இல்லை. கையை மட்டும் எடுத்தாய். கட்டைவிரல் மேடை உன் விரல் மூட்டில் கோடு போட்டிருந்தது.

"பாத்தியா கூத்த? எனக்குன்னு வாங்கற ஒரு சாமானையும் வேஷம் கட்டிக்கினே வாங்கிட்டேன்" என்றாய்.

"பரவால்ல, பழகிக்கலாம்" என்றேன். சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டும்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "உனுக்குப் பொருந்திச்சா?"

தலையாட்டினேன்.

"அதான் பேசல" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

எழுந்தாய். பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று கடைக்கு நடந்தாய். நான் பின்னால் ஓடிவந்தேன். கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஆட்டினார். "போணி சரக்கத் திரும்ப வாங்கினா நாள் பூரா யாவாரம் ஓடாதும்மா. நாளைக்கி வா, வாரம் கழிச்சி வா, இன்னிக்கி மட்டும் வாணாம்."

"உங்க போணி நல்லா இருக்கணும்னு என் கைய மறைச்சிக்கினேன் சார்" என்றாய் நீ. குரல் உயரவில்லை. ஆனால் கடையிலிருந்த எல்லாரும் திரும்பினார்கள். "இத்தினி வருஷமா எல்லாருக்கோசரமும் மறைச்சிக்கினுதான் கீறேன். கை ஆண்டவர் குடுத்தது, வெக்கம்தான் ஊர் குடுத்தது. காசு திரும்பக் கேக்கல. என் கைக்கு ஆகறது ஒண்ணு குடுங்க."

அவர் கொஞ்ச நேரம் பெருமாள் படத்தையே பார்த்தார். பெருமாளிடமிருந்து அனுமதி வந்ததோ என்னவோ, குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். "யாரும் கேக்கறதில்லம்மா. பழைய மாடல். விசை கொஞ்சம் கெட்டி, கனமும் ஜாஸ்தி."

நேர்க்கோட்டில் இழைத்த இரும்பு. ஒவ்வொரு குண்டுக்கும் மேல் பாகத்தைத் தூக்கி, அழுத்தி மூட வேண்டும். கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையான மரம். மேடையும் இல்லை, பள்ளமும் இல்லை. இது வலது கைக்காரனுக்கு என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இடது கையில் பிடித்தாய், நின்றது. என்னிடம் கொடுத்தாய், வலது கையிலும் நின்றது. முந்தினது மாதிரி ஒட்டிக்கொள்ளவில்லை, ஆனால் நின்றது. கடைக்காரர் பெட்டியை நீட்டியபோது நீ இடது கையைத்தான் நீட்டினாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்! பஸ்ஸில் புத்தூர் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இரண்டு வருஷம் வாரம் தவறாமல் போனோம். முதல் ஐந்து எப்போதும் உனக்கு. நான் பேசாமல் இருந்ததற்கு அது அபராதம் என்று சொல்லிவிட்டாய். உன் ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் வார்டில் இடது கையால் ஊசி போட்டாய். அந்த அம்மா, "இன்னா நர்சம்மா, வலிக்கவே இல்ல?" என்றாள். நீ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய்.

அப்புறம் நாலு நாள் காய்ச்சல். எத்தனை பேருடைய காய்ச்சலை இறக்கிய நம் இருவருக்கும் உன் காய்ச்சலை இறக்கத் தெரியவில்லை. அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

சித்தூரில் உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைப் புடவை. மார்பின்மேல் இரண்டு கைகளையும் சேர்த்து, இடது கையைக் கீழே வைத்து வலது கையை அதன்மேல் மூடியிருந்தார்கள். வழக்கம் அப்படித்தான் என்று இருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிப் போய், வலது கையைத் தூக்கிக் கீழே வைத்து, இடது கையை மேலே எடுத்து வைத்தேன்.

உன் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னாம்மா பண்றே?"

"இதான்க்கா அவ கை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், உன் கையைப் பார்த்தாள். பிடியை விட்டாள். மூடி வைக்கும்வரை யாரும் அதை மாற்றவில்லை. அப்படியேதான் போனாய்.

இப்போது இன்றைய கதை. வாசலில் செயலாளரிடம், "வேணாம் சார்" என்றேன். என் இடத்தில் போய் நின்றேன். போட்டி தொடங்குமுன் குறி சரிபார்க்கச் சில குண்டு சுடலாம், அது கணக்கில் வராது என்று உனக்குத் தெரியும். நான் பிஸ்டலை இடது கையில் எடுத்து ஐந்து சுட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். அட்டையை மாற்றிக்கொண்டு வலது கைக்கு வந்தேன். வலது கையால் பிடிக்கும்போது என் விரல்கள் சுற்றிவந்து இடது பக்கத்து மரத்தில்தான் முடிகின்றன. உன் உள்ளங்கை வெளுத்து வைத்திருக்கிற இடத்தில் என் நாலு விரல் நுனியும் நிற்கின்றன. அந்த மரத்தைக் கழற்றிப் போடவா நான்?

மத்தியானம் பெயர் வாசித்தார்கள். என் பெயர் இல்லை. இரண்டே பாயிண்டில் போயிற்று. வருத்தமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலில் என் பெயரைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

செயலாளர் பொட்டலத்தோடு வந்தார். "பாத்தீங்களா மேடம்? ரெண்டே பாயிண்ட். இத்த மாட்டியிருந்தா நீங்க உள்ள இருந்திருப்பீங்க."

"இருந்திருப்பேன் சார். எனக்குப் பொருந்துதுன்னு ஒரு நாள் பேசாம இருந்துட்டேன். இன்னொரு தடவ இருக்க மாட்டேன். அடுத்த வருசமும் இதோடதான் வருவேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேஜைமேல் கிடந்த என் முதல் அட்டையைக் கையில் எடுத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி உற்றுப் பார்த்தார். "இது இன்னா மேடம், இப்பிடித் தாறுமாறா? அஞ்சு குண்டும் வீணு."

"வீணில்ல சார். அது அவளோட முறை."

அவர் அட்டையை என்னிடம் நீட்டினார். நான் இடது கையில் வாங்கிக்கொண்டேன்.

அது இப்போது பெட்டி மூடியின் உள்பக்கம், உன் முறைக்குச் சுட்ட மற்ற அட்டைகளோடு இருக்கிறது. ஒன்று கறுப்பில், நாலு வெள்ளையில். நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். சிரித்துக்கொள். வருகிற சனிக்கிழமையும் முதல் ஐந்து உன்னுடையதுதான்.